"கரண்ட்தான் இல்லையே"ன்னு கம்ப்யூட்டரில் கை வைக்காதீங்க! கிராபிக்ஸ் கார்டை பத்திரமாக கழட்டுவது எப்படி?

குத்தாலம்:-

"நாளை மின்தடை" என்று அறிவிப்பு வந்தால் போதும். குத்தாலம், மயிலாடுதுறை வட்டாரத்தில் ஸ்டூடியோ, டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை ரெடி. காலை 9 மணியில் இருந்து மாலை 5 மணி வரை கரண்ட் இருக்காது. வியாபாரமும் இருக்காது. "தம்பி, அந்த கம்ப்யூட்டரை திறந்து தூசி தட்டிடுப்பா, அப்படியே அந்த பழைய கிராபிக்ஸ் கார்டையும் கழட்டி வச்சிடு" என்று முதலாளி சொல்லிவிட்டு டீ குடிக்க போய்விடுவார்.

தம்பியும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விடுவார். அங்கேதான் ஆபத்து ஆரம்பம்!

கரண்ட் போனது தெருவில். கம்ப்யூட்டருக்கு போகவில்லை. அது மாட்டியிருப்பது யு.பி.எஸ்.சில். அல்லது கடையின் இன்வெர்ட்டர் லைனில். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் டெல்டாவை புரட்டிப்போட்டு பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்த பிறகு, இந்த பக்கம் பேட்டரி இல்லாத கடையை பார்ப்பது அபூர்வம். போதாக்குறைக்கு 5 மணி என்று சொன்ன கரண்ட், வேலை சீக்கிரம் முடிந்தால் 2 மணிக்கே வந்து நிற்கும். உள்ளே கை இருக்கும்போது வந்தால்...?

சாதாரண கம்ப்யூட்டருக்கே இந்த கதை என்றால், ஒரே பெட்டிக்குள் நாலு, எட்டு கார்டு மாட்டி ராத்திரி பகலாக ஓடும் சர்வர் விஷயத்தில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

நடவு ஆட்கள் மாதிரி...

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன? அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிப்பைத்தான் ஜி.பி.யு. என்கிறார்கள். இந்த பெயரை 1999-ம் ஆண்டு ஜிபோர்ஸ் 256 என்ற கார்டை கொண்டு வந்தபோது என்விடியா கம்பெனி பரப்பியது.

கம்ப்யூட்டரின் முக்கிய பிராசசர், எல்லா வேலையும் தெரிந்த ஒரு மேஸ்திரி மாதிரி. ஆள் கெட்டிக்காரர், ஆனால் கைகள் கொஞ்சம். ஜி.பி.யு. அப்படி இல்லை. ஒரு வயலில் வரிசையாக இறங்கி ஒரே நேரத்தில் நாத்து நடும் ஆட்கள் மாதிரி. ஒவ்வொருவரும் செய்வது சின்ன வேலைதான். ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்வதால் வயல் சீக்கிரம் முடிந்துவிடும். ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டில் மட்டும் இப்படி 16 ஆயிரத்து 384 "ஆட்கள்" இருக்கிறார்கள்.

கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இது தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவு, வானிலை கணக்கு எல்லாவற்றுக்கும் இந்த சிப்தான் தேவைப்படுகிறது. அதனால்தான் ஒரு சர்வர் கார்டு பல லட்சம் ரூபாய்க்கு போகிறது.

சர்வர் எல்லாம் அமெரிக்காவில் இருக்கும் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். குத்தாலத்தில் ரெயில் ஏறினால் கும்பகோணம், தஞ்சை தாண்டி திருச்சி. அங்கே தேசிய தொழில்நுட்ப கழகத்தில் (என்.ஐ.டி.) "பரம் பொருள்" என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2022-ம் ஆண்டு மே 25-ந்தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில், சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்தது. வேகம் 838 டெராபிளாப்ஸ். அதாவது ஒரு வினாடியில் 838 லட்சம் கோடி கணக்கு! இதில் சாதாரண பிராசசர் பெட்டிகளும் உண்டு, ஜி.பி.யு. பெட்டிகளும் உண்டு. சூட்டை குறைக்க சிப்புக்கு பக்கத்திலேயே குழாயில் திரவம் ஓடுகிறது.

இந்த மாதிரி திரவம் ஓடும் பெட்டியில் வெளி ஆள் கை வைக்கவே கூடாது. அது கம்பெனி என்ஜினீயர் வேலை. நாம் பார்க்கப்போவது, காலேஜ், ஆஸ்பத்திரி, ஸ்டூடியோ போன்ற இடங்களில் இருக்கும், காற்றில் குளிரும் சர்வர்களையும் நம்ம கடை கம்ப்யூட்டர்களையும்.

முதலில் திருப்புளி இல்லை... கீபோர்டு!

கார்டு கழட்டுவது என்றதும் ஸ்குரூவை தேடுகிறார்கள். அதற்கு முன்னாடி கீபோர்டில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

ஒரு சர்வரில் நாலு கார்டு இருக்கிறது, அதில் ஒன்று கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எது கெட்டது? திரையில் "0, 1, 2, 3" என்று நம்பர் காட்டும். பெட்டிக்குள் இடது பக்கத்தில் இருந்து எண்ணினால் அதே வரிசை வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னும் ஒரு குழப்பம், என்விடியாவின் சோதனை கட்டளை (என்விடியா-எஸ்.எம்.ஐ.) ஒரு வரிசையில் நம்பர் கொடுக்கும், அதே கார்டுகளுக்கு கணக்கு போடும் புரோகிராம் வேறு வரிசையில் நம்பர் கொடுக்கலாம். நம்பரை நம்பி கழட்டினால் நல்ல கார்டு வெளியே வந்து கெட்ட கார்டு உள்ளேயே நிற்கும்.

எனவே சீரியல் நம்பரை திரையில் பார்த்து பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். அதே நம்பர் கார்டின் ஸ்டிக்கரிலும் இருக்கும். வெளியே எடுத்ததும் இரண்டையும் ஒப்பிட்டு பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்து, அந்த கார்டில் யாருடைய வேலை ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவர் மூணு நாளாக ஓட விட்ட கணக்காக இருக்கலாம். பல பேர் பயன்படுத்தும் பெரிய சர்வர்களில் "இனி புது வேலை உள்ளே வராதே, ஓடுவது முடியட்டும்" என்று பூட்டு போடும் வசதி இருக்கிறது. பஸ்சில் இனி யாரையும் ஏற்றாமல், இருக்கிறவர்களை இறக்கிவிட்டு டெப்போவுக்கு கொண்டு போவது மாதிரி. அதை செய்துவிட்டு, முறைப்படி ஷட்டவுன் செய்ய வேண்டும்.

"ஹார்ட் டிஸ்க்கை ஓடும்போதே உருவுகிறார்களே, கார்டை உருவக்கூடாதா?" என்று கேட்கலாம். கூடாது. சர்வரில் முன்பக்கம் இருக்கும் டிஸ்க் ட்ரேக்கள் அதற்கென்றே செய்தவை. கிராபிக்ஸ் கார்டு அப்படி இல்லை. மின்சாரம் ஓடும்போது உருவினால் கார்டும் போகலாம், மதர்போர்டும் போகலாம். சிஸ்டம் அப்படியே உறைந்து நிற்கும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. யாரும் தொடாமலேயே "ஜி.பி.யு. பஸ்சில் இருந்து விழுந்துவிட்டது" என்று பொருள்படும் பிழை செய்தி சில நேரம் வரும். எக்ஸ்.ஐ.டி. 79 என்று நம்பர் போட்டு வரும். (இந்த பஸ், தகவல் போகும் பாதை. நம்ம திருவாரூர் பஸ் இல்லை!) கார்டு செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதிக சூடு, மின்சாரம் பத்தாமை, அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காதது காரணமாக இருக்கலாம். முறைப்படி கழட்டி, சுத்தம் செய்து திரும்ப மாட்டியதுமே உயிர் வந்த கார்டுகள் ஏராளம்.

ஒரு வயர் இல்லை, இரண்டு!

ஷட்டவுன் ஆகிவிட்டது. விளக்கு அணைந்தது. சர்வரில் மின்சாரம் போய்விட்டதா? இல்லை!

சர்வரின் பின்னால் போய் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றுவதற்காக. சில பெட்டிகளில் நாலு கூட இருக்கும். ஒரு வயரை மட்டும் பிடுங்கிவிட்டு "பிளக்கை எடுத்துட்டேன் அண்ணே" என்று மூடியை திறப்பதுதான் இந்த வேலையில் மிக மோசமான தப்பு. எல்லா வயரையும் எடுக்க வேண்டும். ஷட்டவுன் செய்த பிறகும், தூரத்தில் இருந்து சர்வரை இயக்குவதற்காக உள்ளே ஒரு சின்ன சிப் தூங்காமல் இருக்கும். அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். யாராவது வேறு ஊரில் உட்கார்ந்தபடி ஆன் செய்தால் ஆன் ஆகிவிடும்.

கடை கம்ப்யூட்டருக்கு வயர் ஒன்றுதான். ஆனால் அதை யு.பி.எஸ்.சில் இருந்தே பிடுங்க வேண்டும். "பிளக் இருக்கட்டும், எர்த் கிடைக்கும், சுவிட்சை மட்டும் ஆப் பண்ணு" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது உண்டு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர் வயரிங்கை நம்பி அதை செய்ய முடியாது. சுவிட்சை பேஸ் லைனில் மாட்டாமல் நியூட்ரலில் மாட்டிய போர்டுகள் எத்தனையோ கட்டிடங்களில் இருக்கின்றன. சுவிட்ச் ஆப்பில் இருந்தாலும் உள்ளே மின்சாரம் காத்திருக்கும். பிளக்கை பிடுங்குவதே பத்திரம்.

பிடுங்கிய பிறகு பவர் பட்டனை சில வினாடிகள் அழுத்தி பிடியுங்கள். மிச்சம் மீதி மின்சாரம் வடியும். மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் அது அணையும் வரை பொறுங்கள். அஞ்சு, பத்து நிமிடம் போனால் ஒன்றும் குடிமுழுகாது. கார்டின் சூடும் ஆறும். அதன் மேல் இருக்கும் உலோக துடுப்புகள் கையை சுடும் அளவுக்கு காய்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். தூசி தட்டுகிறேன் என்று பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்க முடியும். ஆளையே சாய்த்துவிடும்.

கண்ணுக்கு தெரியாத வில்லன்

நைலான் சட்டையை கழட்டும்போது "பட்பட்" என்று சத்தம் வருமே, அதுதான் நிலை மின்சாரம். நமக்கு சுருக்கென்று தெரிய வேண்டுமானால் சுமார் 3 ஆயிரம் வோல்ட் இருக்க வேண்டும். ஆனால் சிப்பின் நுண்ணிய பாகங்கள் 100 வோல்ட்டுக்கு கீழேயே பழுதாகலாம். நமக்கு எதுவும் தெரியாது. கார்டு அன்றைக்கு வேலை செய்யும், ஒரு மாதம் கழித்து மக்கர் பண்ணும்.

மழைக்காலத்தில் நம்ம டெல்டா காற்றில் ஈரம் அதிகம், அதனால் இந்த தொல்லை குறைவு. ஏ.சி. போட்ட சர்வர் அறையில் காற்று காய்ந்திருக்கும், அங்கே தொல்லை அதிகம். மணிக்கட்டில் மாட்டும் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் கிளிப்பை பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பு பாகத்தில் மாட்ட வேண்டும். பட்டை இல்லாவிட்டால், வேலைக்கு நடுவில் அடிக்கடி அந்த இரும்பை தொட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல்.

கழட்டும் முறை

ரேக்கில் இருக்கும் சர்வர் என்றால், முழுசாக வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சர்வரை இழுத்தால் ரேக்கே முன்பக்கம் சாயும். மூடியை எடுத்ததும் காற்றை திருப்பிவிடும் பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும். அதையும் எடுத்து வையுங்கள், தூக்கி போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் திரும்ப ஓட்டினால் சூடு ஏறும்.

போன் இருக்கிறதல்லவா? எதையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு சண்டை வராது.

இப்போது கார்டுக்கு வரும் பவர் வயர். இங்கேதான் அவசரப்பட்டு உடைப்பவர்கள் அதிகம். அந்த பிளக்கில் ஒரு சின்ன கொக்கி இருக்கும். கொக்கியை அழுத்திக்கொண்டு பிளக்கின் உடம்பை பிடித்து நேராக இழுக்க வேண்டும். வயரை பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் பின் தளர்ந்துவிடும். தளர்ந்த பின் சூடாகும், சூடானால் உருகும்.

பயமுறுத்துவதற்காக சொல்லவில்லை. ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு 2022-ம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. சில வாரங்களிலேயே பவர் பிளக் உருகிவிட்டது என்று வெளிநாடுகளில் இருந்து புகார் கிளம்பியது. நவம்பரில் என்விடியா விளக்கம் கொடுத்தது. உலகம் முழுக்க சுமார் 50 சம்பவங்கள் தெரிய வந்திருப்பதாகவும், பிளக் முழுசாக உள்ளே போகாததே பொதுவான காரணமாக தெரிவதாகவும் அது சொன்னது. அந்த கார்டு 450 வாட்ஸ் வரை இழுக்கும். சின்ன பிளக்கில் அவ்வளவு மின்சாரம். இந்த புது ரக பிளக்கை சுமார் 30 தடவை கழட்டி மாட்டலாம் என்றுதான் கணக்கு. சும்மா சும்மா கழட்டி பார்ப்பது நல்லதில்லை.

வயர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சர்வருக்கு என்று வரும் பல கார்டுகளில், சாதாரண கிராபிக்ஸ் கார்டு பிளக் இருக்காது. மதர்போர்டு பிராசசருக்கு போகும் 8 பின் பிளக் இருக்கும். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் பிளஸ்சும் கிரவுண்டும் தலைகீழ்! பலவந்தமாக ஒன்றை மற்றொன்றில் திணித்தால் ஷார்ட்தான். கழட்டும் வயர்களில் பேப்பர் துண்டு ஒட்டி பெயர் எழுதி வையுங்கள்.

இரண்டு கார்டுகளை மேலே இணைக்கும் பாலம் போன்ற பட்டை இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். பிறகு பின்பக்கம் கார்டை பிடித்திருக்கும் ஸ்குரூ. கனமான கார்டு என்றால் மறுமுனையிலும் ஒரு தாங்கி இருக்கும். பல சர்வர்களில் கார்டு நேரடியாக மதர்போர்டில் நிற்காது. ரைசர் என்ற ஒரு சட்டத்தில் படுத்திருக்கும். அப்போது சட்டத்தோடு வெளியே எடுத்து, மேஜையில் வைத்து கழட்டுவது சுலபம்.

கடைசி தடை ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி. கடை கம்ப்யூட்டர்களில் இது கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். விரல் போகாது. இதை மறந்துவிட்டு "வரமாட்டேங்குதே" என்று பலம் காட்டினால் ஸ்லாட்டே பெயர்ந்து வரும். அப்புறம் மதர்போர்டு மாற்ற வேண்டியதுதான். விரல் எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலால் அழுத்துங்கள். இரும்பு திருப்புளியால் குத்தினால், அது நழுவி போர்டில் கோடு கிழித்துவிடும்.

கொக்கி விட்டதும் கார்டை இரண்டு ஓரமும் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டக்கூடாது. தங்க நிற பற்களை தொடக்கூடாது. வெளியே வந்ததும் நிலை மின்சாரத்தை தடுக்கும் வெள்ளி நிற கவரில் போட வேண்டும். தெர்மாகோல், சாதாரண பாலித்தீன் கவர் இரண்டும் ஆகாது, அவையே நிலை மின்சாரத்தை உண்டாக்கும்.

அறுவடை சமயத்தில் மெஷினை திறந்தால் உள்ளே பதர் தூசி அப்பியிருக்கும். சில நேரம் பல்லி கூட கருகி கிடக்கும். பிளோயர் அடிக்கும்போது கார்டின் பேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எட்டு எட்டாக சேர்த்து ஒரே பலகையில் பதித்த எஸ்.எக்ஸ்.எம். ரக சிப்கள் இதில் சேராது. அந்த ரகத்தில் எச்100 சிப் ஒன்றே 700 வாட்ஸ் வரை இழுக்கும். ஒன்பது மின்விசிறி ஓடும் மின்சாரம்! அதன் ஸ்குரூக்களை அளவு பார்த்து முறுக்கும் தனி கருவி வேண்டும். கொஞ்சம் கோணல் ஆனாலும் சிப் விரிசல் விடும். கம்பெனி ஆளை கூப்பிடுங்கள்.

மலிவு என்று ஏமாறாதீங்க

கழட்டிய சர்வர் கார்டுகள் பழைய விலைக்கு ஆன்லைனில் விற்பனைக்கு வருகின்றன. விலையை பார்த்து ஸ்டூடியோக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். இந்த கார்டுகள் பலவற்றில் மானிட்டர் மாட்டும் ஓட்டையே கிடையாது. பேனும் கிடையாது. சர்வரில் இருக்கும் பெரிய விசிறிகள் புயல் மாதிரி காற்று அடிப்பதை நம்பி செய்தவை. சாதாரண கேபினட்டில் மாட்டினால் சில நிமிடங்களில் கொதித்துவிடும்.

விற்பவர்களுக்கும் ஒரு சந்தேகம் வரும். "கார்டுக்குள்ளே நம்ம கஸ்டமர் போட்டோ எல்லாம் இருக்குமா?" என்று. இருக்காது. கார்டின் மெமரி, மின்சாரம் போனால் அழிந்துவிடும் ரகம். ஹார்ட் டிஸ்க் விஷயத்தில்தான் கவனம் வேண்டும்.

செத்துப்போன கார்டை குப்பையோடு போடுவதோ, செம்புக்காக கொளுத்துவதோ கூடாது. புதிய மின்னணு கழிவு விதிகள் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் அது போய் சேர வேண்டும்.

திரும்ப ஆன் செய்யும் முன்...

கார்டு இருந்த இடம் காலியாக இருக்கும். சர்வரில் அந்த ஓட்டையை தகடு வைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும். பக்கத்து கார்டுகளுக்கு காற்று கிடைக்காமல் சூடேறும். பிளாஸ்டிக் கூடு, மூடி எல்லாம் மாட்டிய பிறகே வயர்களை சொருக வேண்டும்.

ஆன் ஆனதும், மிச்சம் இருக்கும் கார்டுகளின் சீரியல் நம்பர்களை முன்பு எழுதி வைத்த பேப்பரோடு சரி பாருங்கள். அதன் பிறகு போட்ட பூட்டை எடுத்து வேலைகளை உள்ளே விடலாம்.

கடை கம்ப்யூட்டரில் நிறைய பேர் பயந்துபோகும் இடம் இது. ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும். மானிட்டர் வயரை கார்டில் இருந்து எடுத்து மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் மாட்டினீர்களா என்று பாருங்கள். மாட்டியும் படம் வரவில்லையா? உங்கள் பிராசசரிலேயே கிராபிக்ஸ் வசதி இல்லாமல் இருக்கலாம். இன்டெலில் நம்பருக்கு பின்னால் "எப்" என்ற எழுத்தோடு வரும் பிராசசர்கள் அப்படிப்பட்டவை. அதற்கு வேறு கார்டு மாட்டித்தான் ஆக வேண்டும். சில விண்டோஸ் கம்ப்யூட்டர்கள், உள்ளே பாகம் மாறியதை பார்த்து 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண்ணை கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் அந்த கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கார்டை கழட்டும் முன்பே அதை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் அன்றைக்கே கடையை திறந்துவிடலாம்.